ஏசி போட்டுக்கிட்டு ஏற்காடு ஏறுமா?

சேலத்தில் கார் ஷோரூமில் சேல்ஸ் வேலைக்குப் போன முதல் இன்டர்வியூவில் நான் ஏழு நிமிஷம்தான் உள்ளே இருந்தேன். வெளியே வந்ததும் மணி பார்த்தேன், அதனால் தெரியும். அந்த ஏழு நிமிஷத்துக்காக நாலு நாள் படித்திருந்தேன், பத்தாவது பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. 1197 சிசி, வீல்பேஸ் எவ்வளவு, டிக்கியில் எத்தனை லிட்டர் இடம், எத்தனை கலர், டாப் வேரியன்டில் மட்டும் என்னென்ன வரும் என்று பிரோஷரை ஒப்பித்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நான் கார் எடுக்க வந்திருக்கேன்னு வெச்சுக்கோங்க. கூட எங்க அம்மாவும் வந்திருக்காங்க. அவங்களுக்கு முட்டி வலி. என்ன பண்ணுவீங்க?" என்றார்.

நான் சொன்ன பதில்: "சார், இந்த மாடல்ல ஆறு ஏர்பேக் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். "சொல்லி அனுப்புறோம்" என்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. ஏனென்றால் நான் நாலு வருஷம் ஜவுளிக்கடையில் பட்டுச் சேலை செக்‌ஷனில் நின்றவள். முட்டி வலியோடு ஒரு பாட்டி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முதலில் ஸ்டூலை இழுத்துப் போட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், அப்புறம் அவரைக் கவுண்டருக்குக் கூப்பிடாமல் சேலையை அவர் மடிக்குக் கொண்டுபோய் விரிக்க வேண்டும். கல்யாணப் பெண் ஆயிரம் பேசுவாள், அம்மா விலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஆனால் அந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி "இந்தக் கரை நல்லா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னால் பில் போட்டுவிடலாம். இதெல்லாம் தெரிந்த நான் ஏர்பேக் என்று உளறிவிட்டு வந்தேன். கார் என்றதும் அது வேறு உலகம், வேறு பாஷை என்று நினைத்துவிட்டேன்.

(கடையை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு: கால். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைக்கு மட்டும் சட்டம் எதுவும் வரவில்லை.)

இரண்டாவது இன்டர்வியூ டிசம்பரில் என்று போன் வந்தபோது பதினொரு நாள் இருந்தது. இந்தத் தடவை பிரோஷரைத் தொடக்கூடாது என்று முடிவு செய்து என் தாய்மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா ஏற்காட்டில் டாக்ஸி ஓட்டுகிறார். பழைய டீசல் டிசையர். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்திவிட்டார்கள், அதனால் அந்த வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும், "ஏங் கண்ணு, விக்கிறதுக்கு முன்னாடி வாங்கிப் பாரு" என்றார்.

வாங்குகிற காசு யாரிடம் இருக்கிறது? வாங்குகிற மாதிரிப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்தார், கோரிமேட்டில் என்னை ஏற்றிக்கொண்டார், ஒரே நாளில் மூன்று ஷோரூம். மூன்று இடத்திலும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்ப எடுக்கிற ஐடியா சார்?" அது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. பதினைந்து நாளில், ஒரு மாதத்தில் எடுப்பவர் ஹாட், கொஞ்சம் தள்ளிப் போகிறவர் வார்ம், பொண்ணு கல்யாணம் முடியட்டும் என்பவர் கோல்டு. யாருக்கு எப்போது திரும்பப் போன் செய்ய வேண்டும் என்பது இதை வைத்துத்தான். மாமா "பாக்கலாம்" என்றதும் ஒரு பையன் முகத்திலேயே நாங்கள் கோல்டு ஆகிவிட்டோம்.

ஒரு ஷோரூமில் அந்த சேல்ஸ்காரர் இருபது நிமிஷம் பேசினார், நல்லாவும் பேசினார், ஆனால் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. கதவைத் திறந்து மாமாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார், நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டப்போகிறவள் நான் என்றுதான் மாமா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சேலைக்கடையில் கணவர்களை இப்படித்தான் நாங்கள் ஃபேனுக்கடியில் உட்கார வைத்து மறந்துவிடுவோம், அது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. ஆனால் அங்கே கணவர் சேலை கட்டப்போவதில்லையே.

அன்றைக்குக் கிடைத்த உருப்படியான சொத்து மூன்று கொட்டேஷன் தாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வண்டிக்கடையில் தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டு, எண்ணெய் படாமல் அந்தத் தாள்களை விரித்தோம். காரின் விலை என்று ஒன்று கிடையாது என்பதை அந்த டேபிளில்தான் கற்றேன். மேலே எக்ஸ் ஷோரூம் என்று ஒரு தொகை. கீழே இறங்க இறங்க சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், எக்ஸ்டெண்டட் வாரன்டி, ஆக்சசரீஸ் என்று ஒவ்வொன்றாக ஏறிக் கடைசியில் ஆன்ரோடு என்று வேறொரு தொகை நிற்கிறது. வீட்டில் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு வருகிற ஆளுக்கு இந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கே தோன்றியது.

ஒரு தாளில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தது. மாமா அங்கேயே கேட்டிருந்தார்: "நீங்க என்னத்த தம்பி ஹேண்டில் பண்ணீங்க?" அந்தப் பையனுக்குப் பதில் தெரியவில்லை, டீம் லீடரைக் கூப்பிட்டான், அவர் வந்து அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். சட்டப்படி கட்டியே தீர வேண்டிய தொகை அது இல்லை. அதே மாதிரி இன்சூரன்ஸும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, வெளியே எடுத்து வரலாம். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் புது காருக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். 2022-இல் வைத்த கட்டணப்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை அந்தப் பகுதி மட்டும் 10,640 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வருகிறது, பேரம் பேசுகிற இடமும் அதுதான்.

அப்புறம் ஒன்று கண்டுபிடித்தேன், அதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றினார்கள். 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும். நோட்டில் கணக்குப் போட்டேன். 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. காரின் விலையில் வித்தியாசம் பத்தாயிரம், வரியில் வித்தியாசம் 51,550. இது போதாதென்று 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கிற வருமான வரி, பிடிப்பார்கள், அது ஒரு 10,050. வருமான வரி தாக்கல் செய்கிறவர் அதைத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம், தாக்கல் செய்யாதவருக்குப் போனது போனதுதான். ஆக, பின்னாடி ஒரு வைப்பரும் ஒரு கேமராவும் கூடுதலாக வருகிறதே என்று மேல் வேரியன்டுக்கு ஆசைப்படுகிற குடும்பம் பத்தாயிரத்துக்குப் பதில் கையிலிருந்து எழுபத்தோராயிரத்துச் சொச்சம் எடுத்து வைக்கிறது. மூன்று ஷோரூமிலும் இதை ஒருத்தரும் எங்களிடம் சொல்லவில்லை.

அம்மாவை உட்கார வைத்து அந்தக் கொட்டேஷனை வரி வரியாக விளக்கினேன். அம்மா கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர், கூலி, சேதாரம், செய்கூலி எல்லாம் அத்துப்படி. "அப்ப எக்ஸ் ஷோரூம்ங்கிறது வெள்ளி விலை, மத்ததெல்லாம் செய்கூலி சேதாரமா?" என்றார். அப்படியே இல்லை, ஆனாலும் அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. மூன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிப் பார்த்ததில் நாலாவது நாள் தாளைப் பார்க்காமலே சொல்ல வந்தது.

இன்னொரு பக்கம் ஓட்டுவது. விளம்பரத்தில் "கார் லைசென்ஸ் அவசியம்" என்று போட்டிருந்தது. லைசென்ஸ் இருந்தது, ஹெச் போட்டு வாங்கியதுதான், ஆனால் அதற்கப்புறம் மூன்று வருஷம் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. மாமா காலையில் ஆறு மணிக்கு வந்து அடிவாரம் ரோட்டில் ஓட்டவிட்டார். மார்கழி நெருங்கிவிட்டால் அந்த நேரத்தில் மலை தெரியாது, ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். பள்ளிக்கூடத்து வேன்கள் வருவதற்குள் முடித்துவிடுவோம். ஒரு மேட்டில் நிறுத்தச் சொல்லி, ஹேண்ட் பிரேக் போட்டு, அரை கிளட்ச்சில் பிடித்து, பின்னாடி உருளாமல் எடுக்கச் சொன்னார். முதல் எட்டு தடவை வண்டி ஆஃப். ஒன்பதாவது தடவை பின்னாடி பால்காரர் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார், பயத்திலேயே சரியாக எடுத்துவிட்டேன்.

மேலே ஏறும்போது மட்டும் ஸ்டியரிங்கை மாமா வாங்கிக்கொண்டார். எனக்கு வேலை பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பது. இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இன்ஜின் சத்தம் மாறுவதைக் கேட்கச் சொன்னார். இந்தக் கேள்வியிலிருந்து சேலத்தில் கார் விற்கிற எவராலும் தப்பிக்க முடியாது என்றார்: "ஏசி போட்டுக்கிட்டு அஞ்சு பேரோட ஏற்காடு ஏறுமா?" வாங்கின அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுவார்களோ என்னவோ, ஆனால் கேட்காமல் வாங்க மாட்டார்கள். கார் எடுத்ததும் முதல் பயணம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு, இரண்டாவது ஏற்காட்டுக்கு. நம் ஊர் வழக்கம் அப்படி.

அவர் சொல்லிக்கொடுத்த பதில் இது. ஏறும், எல்லா வண்டியும் ஏறும். கேள்வி எப்படி ஏறும் என்பதுதான். அவருடைய டீசலில் டர்போ இருப்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைத்துவிடும். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினை உறும விட்டால்தான் இழுக்கும், அதனால் வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைக்க வேண்டும், வளைந்த அப்புறம் குறைத்தால் திணறி நிற்கும். ஏசி கம்ப்ரசரும் அதே இன்ஜினிலிருந்துதான் சக்தியை எடுக்கிறது, கடைசி நாலு வளைவில் அதை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால் குளிர்காற்று இலவசம். ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் கியர் தானே மாறுகிற வண்டி என்றால் மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னாடி உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிக் கருகல் வாசனை வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். கடைசி இரண்டும் விற்பனைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லிவிடு, கஸ்டமர் உயிரோடு இருந்தால்தான் சர்வீஸுக்கு வருவார் என்றார் மாமா.

மற்ற தயாரிப்பெல்லாம் சின்னச் சின்னது. எந்த கார் எத்தனை ஸ்டார் என்று பசங்கள் கேட்பார்கள், காரை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கிற பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது, பெரியவர்களுக்கு 32-க்கு, குழந்தைகளுக்கு 49-க்கு என்று தனித்தனி மார்க். 2025 செப்டம்பர் 22-இலிருந்து நீளம் நாலு மீட்டருக்கும், இன்ஜின் பெட்ரோலில் 1200 சிசிக்கும் டீசலில் 1500 சிசிக்கும் மேற்படாத சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. ஃபார்ம் 21 விற்பனைச் சான்று, ஃபார்ம் 22 வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று. என்ன உடுத்துவது என்பதில்தான் ஒரு நாள் வீணானது. சேலை கட்டினால் கடை யூனிஃபார்ம் ஞாபகம் வருகிறது, சுடிதார்தான் கிளட்ச் மிதிக்க வசதி என்று அதையே போட்டுக்கொண்டேன்.

இன்டர்வியூ அன்று பத்து மணிக்கு வரச் சொல்லி பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு பேர், சேல்ஸ் மேனேஜரும் எச்ஆர் மேடமும். பேனாவை விற்றுக்காட்டு என்பார்கள் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள், யாரும் பேனா கேட்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள், தமிழிலேயே சொன்னேன். ஜவுளிக்கடை என்றதும் மேனேஜர் நிமிர்ந்து, "ஐயாயிரம் ரூபா சேலை விக்கிறதும் எட்டு லட்ச ரூபா கார் விக்கிறதும் ஒண்ணாம்மா?" என்றார்.

"இல்ல சார், சேலைக்காரங்க அன்னைக்கே வாங்கிடுவாங்க. இங்க நாலு தடவ வருவாங்க. ஆனா குடும்பத்துல முடிவு எடுக்கிறவங்க ரெண்டு இடத்துலயும் பேசாமத்தான் சார் உட்கார்ந்திருப்பாங்க" என்றேன். பழைய கேள்வியை நானே இழுத்தேன், முட்டி வலி அம்மா கதையை. ரொம்பத் தாழ்வான காரில் குனிந்து எழ வேண்டும், ரொம்ப உயரமான காரில் காலைத் தூக்கி ஏற வேண்டும், அவர் இடுப்பு உயரத்துக்கு சீட் இருக்கிற வண்டியாகப் பார்த்து, விலை பேசுவதற்கு முன்னாடி இரண்டு மூன்று வண்டியில் ஏறி இறங்கச் சொல்வேன், அவர் எதில் முனகாமல் இறங்குகிறாரோ அதன் சாவியை எடுப்பேன் என்றேன். எச்ஆர் மேடம் ஏதோ எழுதிக்கொண்டார்.

அப்புறம் மேனேஜர் டிசம்பர் கேள்வியைப் போட்டார். "இப்ப தள்ளுபடி இருக்கு, ஆனா வண்டி 2025. ஜனவரியில எடுத்தா 2026 மாடல். கஸ்டமருக்கு எதைச் சொல்வீங்க?" இதை மாமாவோடு சண்டை போட்டுப் பேசியிருந்தேன், அதனால் தயங்கவில்லை. "முதல்ல எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்கன்னு கேப்பேன் சார். எட்டு பத்து வருஷம்னா தள்ளுபடி லாபம். மூணு வருஷத்துல மாத்துறவர்னா ஜனவரிக்கு இருக்கச் சொல்வேன், விக்கிறப்ப ஆர்சி புக்குல தயாரிச்ச வருஷத்தைத்தான் பாப்பாங்க." "ஜனவரிக்கு இருன்னு சொன்னா எங்க டிசம்பர் டார்கெட் என்னாகும்?" என்றார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சிரித்தார்.

பத்து லட்சக் கணக்கை நானாகத்தான் சொன்னேன். பேனாவை வாங்கித் தாளின் பின்பக்கத்தில் 1,29,350, 1,80,900 என்று எழுதிக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்து அறையிலிருந்து டீம் லீடர் ஒருவரைக் கூப்பிட்டு, "இதைப் பாருங்க" என்று நீட்டினார். கடைசியாக எழுந்து நின்ற அப்புறம், வாசலில் வைத்து, விளையாட்டாகக் கேட்கிற மாதிரி: "ஏசி போட்டா ஏற்காடு ஏறுமா?"

"எந்த வண்டி சார், எத்தனை பேரு?" என்றேன்.

டெஸ்ட் டிரைவ் கூட்டிப்போகச் சொன்னார்கள், மூன்றாவது கியருக்குப் போவதற்குள் ஒரு தடவை ஆஃப் செய்தேன். அப்படியும் மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. சம்பளம் கடையில் வாங்கியதைவிட இரண்டாயிரம் அதிகம், மேலே வண்டிக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ். பெட்ரோல் அலவன்ஸ் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன், நீங்கள் போனால் மறக்காமல் கேளுங்கள். மார்கழியில் போய்ச் சேரச் சொல்கிறார்களே, யார் வண்டி எடுப்பார்கள் என்று அம்மா குறைப்பட்டார். மேனேஜரிடம் கேட்டதற்கு, தை ஒன்றாம் தேதி டெலிவரிக்கு இப்போதே வரிசை நிற்கிறது, அதற்குள் வேலை கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

சேர்ந்த முதல் நாள் ஒரு டைரி கொடுத்து, தெரிந்தவர்கள் பெயர் பத்து எழுதி ஒவ்வொருவருக்கும் போன் செய்யச் சொன்னார்கள். முதல் போன் யாருக்கு என்று யோசிக்கவே இல்லை. "வணக்கம் சார், எப்ப எடுக்கிற ஐடியா?" என்றேன். மாமா ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "இந்த டீசல் இருக்கிற வரைக்கும் இல்ல கண்ணு. இருந்தாலும் உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்றார்.

டைரியில் வார்ம் என்று எழுதிக்கொண்டேன்.